மாருதி 800-ஐ வீட்லயே எலெக்ட்ரிக்கா மாத்தலாம்னு இருக்கேன், தோப்புக்குள்ள ஓட்ட மட்டும். பண்ணவங்க யாராச்சும் இருக்கீங்களா?

தோப்புக்காரன்
பொள்ளாச்சி

வணக்கங்க எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

அப்பாவோட 2004 மாருதி 800. நான் கார் ஓட்டிப் பழகுனதே அதுலதான். 1,34,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. 2019-ல ஆர்சிய ஒருதடவ அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சோம், அதும் முடிஞ்சிருச்சு. இப்ப ஆயில் குடிக்குது, காலைல ஸ்டார்ட் பண்ணா முனிசிபாலிட்டில கொசு மருந்து அடிக்கற மாதிரி பின்னாடி புகை. மெக்கானிக் இன்ஜின் இறக்கி போர் பண்ணி ரிங் மாத்தணும்னு 30,000 சொல்றார். காயலான் கடைக்காரர் 25,000 குடுக்கறேங்கறார். அப்பா ரெண்டையும் காதுலயே போட்டுக்கல. வண்டி மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்துல நிக்குது, கோழி உள்ள முட்டை வெக்குது.

எனக்குத் தோணுனது என்னன்னா இன்ஜின எடுத்துட்டு மோட்டார் போட்டு தோப்புக்குள்ள ஓட்டிக்கலாம்னு. தோப்பு 14 ஏக்கர், வீட்ல இருந்து கடைசி போர்வெல் 900 மீட்டர். உரமூட்டை, தேங்கா, சொட்டுநீர் பைப்பு, எல்லாம் இழுக்கணும். நான் படிச்சது மெக்கானிக்கல் டிப்ளமோ, நார் ஃபேக்டரில மெயின்டனன்ஸ் பாக்கறேன், அதனால மோட்டார், பேனல் எல்லாம் கை பழக்கம்தான், ஆனா எல்லாம் ஏசி, டிசி பக்கம் போனதில்ல. 72 வோல்ட் 10 கிலோவாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார் போதுமா? கியர்பாக்ஸ வெச்சுக்கலாமா, தூக்கிடலாமா? பேட்டரி எது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆர்டிஓ_வாசல்
சேலம்

தம்பி, தோப்புக்குள்ள மட்டும்னு எழுதுனதால திட்டாம எழுதறேன். மாசத்துக்கு நாலு பேராவது என்கிட்ட வந்து இதக் கேக்கறாங்க.

ரோட்டுக்கு எடுக்கணும்னா இத வீட்ல பண்ண முடியாது, அவ்ளோதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது. எலெக்ட்ரிக் கிட்டுக்குன்னே ஏஐஎஸ்-123-ன்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு. கிட்டு தயாரிக்கறவங்க புனே ஏஆர்ஏஐ மாதிரி ஒரு டெஸ்டிங் ஏஜென்சில குடுத்து அப்ரூவல் வாங்கணும், எந்த மாடலுக்குன்னு சொல்லி வாங்கணும், அப்புறம் அவங்க அனுமதி குடுத்த ஆளுதான் மாட்டணும், அதுக்கு அப்புறம்தான் ஆர்சில பெட்ரோல்ங்கறது எலெக்ட்ரிக்னு மாறும். சிஎன்ஜி கிட்டு கதையேதான். ஒரே ஒரு வண்டிக்காக நீங்க தனியா போய் அதெல்லாம் வாங்கறது நடக்கற காரியம் இல்ல.

இன்சூரன்ஸ் விஷயம் இன்னும் மோசம். எவனாச்சும் குறுக்க விழுந்து அடிபட்டா இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சுரும், நீங்க தோப்ப விக்கணும். தோப்புக்கு நடுவுல பஞ்சாயத்து ரோடு ஏதாச்சும் இருக்கா? இருந்தா அதும் ரோடுதான்.

தோப்புக்காரன்

இருக்குதுங்க. வடக்குத் தோப்புக்கும் தெக்குத் தோப்புக்கும் நடுவுல 12 அடி ரோடு. குறுக்க தாண்டுனா மூணு செகண்ட்.

ஆர்டிஓ_வாசல்

12 அடின்னாலும் ரோடு. தெக்குத் தோப்போட நிறுத்திக்கோங்க.

மதுரை_மாப்ள

பாஸ் கோச்சுக்காதீங்க, கணக்கு மட்டும் போட்டுப் பாக்கறேன். நீங்க சொல்ற செட்டப்புக்கு குறைஞ்சது மூணு லட்சம் ஆகும். உங்க மாருதி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுக்குதுன்னு வைங்க, பெட்ரோல் 100 சொச்சம், கிலோமீட்டருக்கு 6 ரூபா 80 காசு. கரண்ட்ல அது ஒரு ரூபா, சரி, மிச்சம் 5 ரூபா 80 காசு. மூணு லட்சத்த அதால வகுத்தா 51,000 கிலோமீட்டர் சொச்சம். தோப்புக்குள்ள ஒரு நாளைக்கு 6 கிலோமீட்டர் ஓட்டுவீங்களா, 23 வருஷம் ஆகும் காசு திரும்பி வர. அதுக்குள்ள தென்ன மரமே வேற வெச்சிருவீங்க. 30,000 குடுத்து போர் பண்ணிட்டு வேலையப் பாருங்க.

தோப்புக்காரன்

மாப்ள கணக்கு கரெக்டுதான், நானும் போட்டேன், அதே 20 சொச்சம்தான் வந்துச்சு. காசு மிச்சம் பண்றதுக்குன்னு நான் எங்கயும் எழுதலயே. சீட்டு எடுத்த காசு இருக்கு, ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கேன். அவ்ளோதான் காரணம்.

மதுரை_மாப்ள

அப்ப சரி, ஆசைக்குக் கணக்கு கிடையாது 😂 பண்ணுங்க, போட்டோ போடுங்க.

பழைய_ரேவா
பெங்களூரு

ஒரு காலத்துல ரேவா எலெக்ட்ரிக் கார் வெச்சிருந்தவன், அதனால ரெண்டு வார்த்தை. 2001-ல பெங்களூர்ல வந்த வண்டி, ரெண்டு கதவு, 48 வோல்ட், 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி எட்டு, முன் சீட்டுக்கு அடில. பேப்பர்ல 80 கிலோமீட்டர். எனக்கு மொத வருஷம் 65 வந்துச்சு, மூணாவது வருஷம் 35. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஊத்தி கையே வெந்துபோச்சு. ஒரு பேட்டரி மட்டும் செத்தா மீதி ஏழையும் இழுத்துட்டுப் போகும், புதுசு ஒண்ணு வாங்கி பழசு ஏழோட சேத்தா அந்தப் புதுசும் ஆறே மாசத்துல பழசாயிரும்.

அதனால யாராச்சும் இன்வர்ட்டர் பேட்டரிய சீப்பா வரிசையா வெச்சு ஓட்டலாம்னு சொன்னா கேக்காதீங்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (எல்எஃப்பி) போங்க. கியர்பாக்ஸ் இருக்கட்டும், ஸ்பீடாமீட்டர் கேபிள் அதுல இருந்துதான் வருது, டிஃபரன்ஷியலும் அதுக்குள்ளதான் இருக்கு, தூக்கிட்டா ரெண்டு ஆக்சிலையும் எதுல மாட்டுவீங்க?

மின்னல்கொடி
சென்னை

பவர் எலெக்ட்ரானிக்ஸ்ல வேலை பாக்கறேன், அதனால இந்தக் கேள்விய விட மனசு வரல.

மொதல்ல எவ்ளோ பவர் வேணும்னு பாப்போம். வண்டி, ரெண்டு ஆள், பேட்டரி எல்லாம் சேத்து 850 கிலோன்னு வெச்சுக்கோங்க. நல்ல தார் ரோட்ல 60-ல சீரா போக டயர் உராய்வுக்கு 110 நியூட்டன், காத்துக்கு 115 நியூட்டன் கிட்ட, மொத்தம் நாலு கிலோவாட் கூட வராது. மோட்டார், கியர் நஷ்டம் எல்லாம் போட்டாலும் நாலரை. ஆச்சரியமா இருக்கும், ஆனா இதான் நெஜம். 37 குதிரை இன்ஜின் அந்த 37-ஐயும் எப்பவாச்சும்தான் முழுசா வேலை வாங்குது. மேடு ஏறும்போதுதான் வேணும். 8 சதவீத ஏத்தத்துல 30-ல போனா ஆறரை கிலோவாட் ஆகும். அதனால 10 கிலோவாட் மோட்டார் உங்களுக்குத் தாராளம், ஆனா ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்ல போட்டு ஓட்டுங்க, டாப் கியர்ல போட்டு மோட்டாருக்கு மூச்சு முட்ட வெக்காதீங்க. கரண்டுதான் மோட்டார சூடாக்கும், வேகம் இல்ல.

பேட்டரில எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா எத்தன கிலோமீட்டர் வேணும்னு பாத்து சைஸ் எடுக்கறது. உங்களுக்கு அப்படிப் பாத்தா 24 செல், 105 ஆம்பியர்-ஹவர், 8 யூனிட், போதும்னு தோணும். ஆனா 10 கிலோவாட் இழுத்தா 76.8 வோல்ட்ல 130 ஆம்பியர், கிளம்பும்போது கன்ட்ரோலர் (மோட்டாருக்குக் கரண்ட அளந்து விடற பெட்டி) 250 கூட இழுக்கும். 105 செல்லுக்கு அது ரெண்டு மடங்குக்கும் மேல. மார்க்கெட்ல கிடைக்கற பெரிய பிரிஸ்மாட்டிக் (பெட்டி வடிவ) செல் முக்காவாசி சோலார் ஸ்டோரேஜுக்கு செஞ்சது, அரை மடங்கு, ஒரு மடங்கு கரண்டுக்குத்தான் அது பழகுனது. அதனால 230 ஆம்பியர்-ஹவர் செல் எடுங்க. எடை 100 கிலோ வரும், நீங்க கழட்டற இன்ஜின், ரேடியேட்டர், டேங்க், சைலன்சருக்கு அது சரியாப் போயிரும்.

இன்னொண்ணு, இந்த செல்லோட வோல்டேஜ நம்பாதீங்க. 3.65-ல ஃபுல், 2.5-ல காலி, ஆனா 20 சதவீதத்துல இருந்து 80 வரைக்கும் 3.2 சொச்சத்துலயே உக்காந்துக்கும். பெட்ரோல் முள்ளு மாதிரி வோல்ட் மீட்டர் வெச்சா பாதின்னு காட்டிட்டு இருக்கும்போதே நிக்கும். ஷன்ட் (கரண்ட அளக்கற சின்ன ரெசிஸ்டர்) வெச்ச ஆம்பியர்-ஹவர் மீட்டர் போடுங்க.

அப்புறம் தயவுசெஞ்சு இத மறக்காதீங்க. நீங்க ஃபேக்டரில ஏசி எம்சிபிக்கு (கரண்டு அதிகமானா தானா விழற ஸ்விட்ச்) பழகுனவர். ஏசில கரண்டு ஒரு செகண்டுக்கு 100 தடவ ஜீரோவத் தொட்டுட்டு வருது, அதனால ஸ்பார்க் தானா அணையும். டிசில அந்த ஜீரோவே கிடையாது. அதே எம்சிபிய இதுல போட்டா காண்டாக்ட் பிரிஞ்ச இடத்துல வெல்டிங் மாதிரி எரிஞ்சுட்டே இருக்கும். டிசிக்குன்னு போட்ட ஃபியூஸ், டிசிக்குன்னு போட்ட கான்டாக்டர் (மெயின் லைன சேக்கற பெரிய ரிலே). மெயின் ஃபியூஸ் பேட்டரி பெட்டிக்குள்ளயே, பேக்கோட நடுவுல இருக்கட்டும்.

தோப்புக்காரன்

அக்கா ரொம்ப நன்றிங்க. ஃபேக்டரி ஸ்டோர்ல இருந்து ஒரு எம்சிபி எடுத்து வெச்சிருந்தேன், அதத் திருப்பி வெச்சுட்டேன் 🙏

லாசப்பல்_வாசி
பாரிஸ்

வாசிச்சுக்கொண்டு வந்தனான், எழுதாமல் இருக்க முடியேல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தில 90களில காரை மண்ணெண்ணெயில ஓட்டின ஆக்கள். பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, பற்றரி கூட இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ கேட்டது. அப்பாட்டை ஒரு மொரிஸ் மைனர் நிண்டது. காபரேற்றருக்கை சிரிஞ்சால ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு வந்தாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. எஞ்சின் ஓயிலுக்கை மண்ணெண்ணெய் இறங்கி ஓயில் தண்ணி மாதிரி வந்திடும், ஆனாலும் ஓடிச்சுது. எதையும் எதிலயும் ஓட்டிப் பாக்கிற பழக்கம் எங்களுக்குப் புதுசில்லை தம்பி.

இஞ்ச பிரான்ஸில 2020 மார்ச்சில இதுக்கெண்டு சட்டம் வந்தது. 5 வருசத்துக்கு மேற்பட்ட காரை மாத்தலாம், ஆனா அங்கீகாரம் கிடைச்ச கிட், அங்கீகாரம் உள்ள ஆள்தான் பூட்ட வேணும். வீட்டுக் கராச்சில நீங்களே செய்து ரோட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. அந்த ஆர்டிஓ ஐயா சொன்ன மாதிரித்தான்.

ஊரில மச்சான் ஒருத்தன் பழைய நிசான் லீஃப் பற்றரி மொடியூல் வைச்சிருக்கிறான், சோலருக்கு. 24 கிலோவாட்-அவர் பேக்கில 48 மொடியூல். அந்தக் காரில பற்றரிக்குத் தண்ணிக் குளிர்ச்சி இல்லை, எங்கட வெக்கைக்குக் கெதியா இறங்கிப் போச்சுது, ஆனா இப்பிடி வேலைக்கு இன்னும் உயிர் இருக்கு. 10 மொடியூலைத் தொடரா இணைச்சா 76 வோல்ட் வருமெல்லோ? அப்பிடி ஏதும் யோசிச்சனீங்களோ?

மின்னல்கொடி

வரும் அண்ணா, ஆனா அது வேற கெமிஸ்ட்ரி, ஒரு செல் 4.1, 4.2 வரைக்கும் போகும். எல்எஃப்பிக்கு செட் பண்ண பிஎம்எஸ் (செல்லுகளக் காவல் பாக்கற சர்க்யூட்), சார்ஜர அதுக்குப் போடக்கூடாது, அதுக்கு செட் பண்ணத இதுக்கும் போடக்கூடாது. முக்கியமா ரெண்டையும் கலக்கவே கூடாது. தோப்புல வெயில்ல நிக்கற வண்டிக்கு நான் எல்எஃப்பிதான் சொல்வேன், சூட்டுல அவ்ளோ சீக்கிரம் தீப்பிடிக்காது. பிடிக்கவே பிடிக்காதுன்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க, உள்ள ஷார்ட் ஆனா அதுலயும் எரியற வாயு வரும்.

தோப்புக்காரன்
(இரண்டு மாசம் கழிச்சு)

வந்துட்டனுங்க. அறுவடை சீசன், அதான் லேட்டு.

இன்ஜின் இறங்கிருச்சு. காயலான் கடை தராசுல வெச்சுப் பாத்தோம், இன்ஜின், ரேடியேட்டர், சைலன்சர், டேங்க் எல்லாம் சேத்து 118 கிலோ. தராசுக்காரர் அப்படியே விலை பேச ஆரம்பிச்சுட்டார், அப்பா இன்ஜின மட்டும் திரும்ப டெம்போல ஏத்திக்கிட்டு வந்துட்டார். ஏன்னு கேட்டா "இருக்கட்டும்"ங்கறார்.

மோட்டாரும் கன்ட்ரோலரும் ஒரு லட்சத்து பத்தாயிரம். செல்லு ஒரு ஆன்லைன் கடைல 24, ஏ கிரேடுன்னு சொல்லி அனுப்புனாங்க, வந்ததுல மூணு செல்லு வயிறு ஊதி இருந்துச்சு, கியூஆர் கோட சுரண்டி இருந்தாங்க. ரெண்டு மாத்திக் குடுத்தாங்க, மூணாவதுக்கு இன்னும் போன் எடுக்கல.

அத விடுங்க, இப்ப தலைவலி வேற. மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல 20 எம்எம் அலுமினிய பிளேட்டு, பழைய கிளட்ச் பிளேட்டோட நடு ஹப்ப அறுத்து எடுத்து மோட்டார் ஷாஃப்ட்டுக்கு கப்ளிங், இதெல்லாம் இங்க ஒரு லேத்துல அடிச்சு வாங்குனேன். மாட்டி, ரெண்டு வீலையும் தூக்கி வெச்சு ஓட்டுனா 1,500 ஆர்பிஎம் வரைக்கும் வெண்ணெய் மாதிரி, 2,500 தாண்டுனா டேஷ்போர்டுல இருக்கற புள்ளையார் ஆடறார். 3,000-ல நானே பயந்து நிறுத்திட்டேன். மோட்டார் தப்பா, பேரிங் தப்பா?

டர்னர்_தாத்தா
கணபதி, கோவை

தம்பி, நான் 41 வருஷம் லேத்துல நின்னவன். மோட்டார் மேல பழி போடாதீங்க. அந்த பிளேட்டுக்கு சென்டர் எங்க இருந்து எடுத்தாங்கன்னு கேளுங்க. போல்ட் ஓட்டைய வெச்சு எடுத்திருந்தா கதை முடிஞ்சுது. போல்ட் ஓட்டை எப்பவும் அரை எம்எம் லூசு இருக்கும், இழுத்துப் பிடிக்கத்தான் அது, சென்டர் காட்ட இல்ல. பெல் ஹவுசிங்ல (கியர்பாக்ஸோட முன் கூடு) ரெண்டு டவல் பின், அதாவது இடம் நகராம நிறுத்தற பின், இருக்கும் பாருங்க, இன்ஜினும் கியர்பாக்ஸும் கம்பெனில சேந்து நின்னது அது ரெண்டுலதான்.

இப்ப இப்படிப் பண்ணுங்க. மோட்டார கழட்டி பிளேட்ட மட்டும் கியர்பாக்ஸ்ல போல்ட் பண்ணுங்க. இன்புட் ஷாஃப்ட்ல டயல் கேஜ (சின்ன விலகலையும் முள்ளால காட்டற மீட்டர்) கிளாம்ப் பண்ணி முள்ள பிளேட்டோட நடு ஓட்டைல, மோட்டார் உக்கார்ற அந்த உள்வட்டத்துல வெச்சு கையால மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. முள்ளு எங்கிருந்து எங்க போகுதுன்னு எழுதுங்க. அப்புறம் அதே மாதிரி பிளேட்டோட முகத்துலயும் ஒரு சுத்து. ரெண்டையும் இங்க போடுங்க, நான் பாக்கறேன்.

தோப்புக்காரன்

தாத்தா, ஃபேக்டரில இருந்து டயல் கொண்டுவந்து வெச்சுப் பாத்தனுங்க. உள்வட்டத்துல 42 பாயிண்ட் ஓடுது. முகத்துல 6.

டர்னர்_தாத்தா

அப்படின்னா 0.42 எம்எம். அதப் பாதியாக்குனா சென்டர் 0.21 தள்ளி இருக்கு. முகம் பரவால்ல. இந்த லட்சணத்துல 3,000-ல சுத்துனா புள்ளையார் ஆடாம என்ன பண்ணுவார். 10 பாயிண்டுக்குள்ள கொண்டாங்க, 5-க்குள்ள வந்தா இன்னும் நல்லது. அந்த பிளேட்ட தூக்கிப் போட வேண்டாம். போல்ட் ஓட்டைய ஒரு எம்எம் பெருசாக்கி, டயல பாத்துக்கிட்டே மரச்சுத்தியால தட்டித் தட்டி சென்டருக்கு கொண்டுவந்து டைட் பண்ணுங்க, அப்புறம் அந்த இடத்துலயே பிளேட்டையும் ஹவுசிங்கையும் சேத்து ரெண்டு ஓட்டை போட்டு ரீமர் விட்டு புதுசா ரெண்டு டவல் அடிங்க. கழட்டி மாட்டுனாலும் அதே இடத்துல வந்து உக்காரும். டவல் அடிக்காம போல்ட்ட மட்டும் நம்பி விட்டீங்கன்னா ஒரு வாரத்துல நகந்துரும், அப்புறம் கியர்பாக்ஸ் பேரிங் போகும், என்ன வந்து திட்டுவீங்க.

தோப்புக்காரன்

ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்சுது. தட்டறது, டயல் பாக்கறது, தட்டறது, டயல் பாக்கறது. ஒரு பக்கம் சரியானா இன்னொரு பக்கம் ஓடுது. மத்தியானம் சோத்துக்குக் கூப்ட்டாங்க, இப்ப எந்திரிச்சா கை மறந்துரும்னு போகல. சாயங்காலம் நாலு மணிக்கு முள்ளு 4 பாயிண்டுல நின்னுச்சு. அப்படியே டவல் அடிச்சாச்சு. 3,500 வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், ஒரு டம்ளர் தண்ணிய மோட்டார் மேல வெச்சு வீடியோ எடுத்திருக்கேன், அலையே இல்ல. தாத்தா, பொள்ளாச்சிப் பக்கம் வந்தா கட்டாயம் வீட்டுக்கு வரணுங்க, எளநி உங்க கணக்குக்கு.

டர்னர்_தாத்தா

4 போதும். எளநிய விட பதநி இருந்தா சொல்லுங்க.

காரைக்குடி_ஆச்சி_பேரன்

மோட்டாரோட வால் பக்கம் மவுண்ட் குடுத்தீங்களா? இன்ஜின் இருந்தப்ப அதுக்குன்னு மவுண்டிங் இருந்துச்சு, இப்ப 30 கிலோ மோட்டார் பிளேட்ல இருந்து அந்தரத்துல தொங்குது. நான் ஒரு ஆட்டோவ மாத்துனப்ப இத விட்டுட்டு ஹவுசிங் விரிசல் விட்டுச்சு.

தோப்புக்காரன்

குடுத்தாச்சுங்க, பழைய இன்ஜின் மவுண்டு ரப்பரையே எடுத்து ஆங்கிள் வெல்ட் பண்ணி. டார்க் (முறுக்கு விசை) வரும்போது மோட்டார் உருளாம இருக்க கீழ ஒரு ராடும்.

இன்னொரு சந்தேகம். கன்ட்ரோலர்ல கான்டாக்டர் போடறப்ப "டப்"புனு பெருசா சத்தம், தீப்பொறி. ரெண்டாவது தடவ போட்டப்ப கான்டாக்டர் ஒட்டிக்கிச்சு, சாவிய ஆஃப் பண்ணாலும் விடல. ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால தட்டி விட்டேன்.

மின்னல்கொடி

ஐயோ, பிரீசார்ஜ் போடலயா? கன்ட்ரோலருக்குள்ள பெரிய கெப்பாசிட்டர் இருக்கு. அது காலியா இருக்கும்போது 80 வோல்ட்ட நேரா குடுத்தா ஒரு நொடிக்குள்ள ஆயிரக்கணக்குல ஆம்பியர் பாயும், காண்டாக்ட் உருகி ஒட்டிக்கும். கான்டாக்டருக்குக் குறுக்க 100 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு ஒரு சின்ன ரிலே வழியா, சாவி போட்டதும் மொதல்ல அது, மூணு செகண்ட் கழிச்சு மெயின் கான்டாக்டர். 60 ரூபா சாமான். ஒட்டுன கான்டாக்டர திரும்பப் போடாதீங்க, ஒருதடவ ஒட்டுனது அவசரத்துக்கு விடாது. தட்டி விட்டேன்னு சாதாரணமா எழுதறீங்க, ஓடிட்டு இருக்கும்போது ஆக்சிலேட்டர் சென்சார் கோளாறாகி அது விடலைன்னா என்ன பண்ணுவீங்க? டிரைவர் கைக்கு எட்டற மாதிரி ஒரு எமர்ஜென்சி ஸ்விட்ச் போடுங்க, கான்டாக்டர் ஒட்டுனாலும் அறுக்கற மாதிரி.

மோதிரம், கைச்செயின் போட்டுக்கிட்டு பேக்ல கை வெக்கறீங்களா?

தோப்புக்காரன்

கல்யாண மோதிரம்... கழட்டிட்டனுங்க. ஏன்னு சொல்றேன். போன வாரம் பஸ்பார் (செல்லுகள இணைக்கற உலோகப் பட்டை) டைட் பண்றப்ப 10-ம் நம்பர் ஸ்பேனர் கை தவறி ரெண்டு பஸ்பாருக்கு நடுவுல விழுந்துச்சு. ஒரே வெளிச்சம். ஸ்பேனர் நுனில பட்டாணி அளவு உருகிப் போயிருச்சு, செல்லோட ஸ்டட்டுல ஒரு பள்ளம். கைல மோதிரம் பட்டிருந்தா விரலே போயிருக்கும். இப்ப எல்லா ஸ்பேனருக்கும் தலைய மட்டும் விட்டுட்டு இன்சுலேஷன் டேப் சுத்திருக்கேன், பாதி பேக்குக்கு மேல எப்பவும் ரப்பர் மேட்டு மூடித்தான் வேலை. வீட்டம்மாவுக்கு ஸ்பேனர் கதை இன்னும் தெரியாது.

மின்னல்கொடி

அந்த ஸ்டட்ட டார்க் ரெஞ்ச் இல்லாம டைட் பண்ணாதீங்க, அலுமினியத்துல இருக்கற மரை, ஒருதடவ வழுக்குனா செல்லே வீண். செல்லு கம்பெனி பேப்பர்ல போட்டிருக்கற அளவுதான். பேக் பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டுமே பாடியத் தொடக்கூடாது, 12 வோல்ட் மாதிரி எர்த் பாடிங்கற பழக்கம் இங்க ஆகாது. 60 வோல்ட்டுக்கு மேல டிசி போற கேபிள் எல்லாம் ஆரஞ்சு கலர் கண்டுட்டு குழாய்ல விடுங்க, நாளைக்கு வேற யாராச்சும் பானெட்டத் தொறந்தா தெரியணும்.

பழைய_ரேவா

பிரேக் பத்தி யாருமே பேசலயே. இன்ஜின் போனா அது இழுக்கற வேக்யூமும் போச்சு, பிரேக்குக்கு பலம் குடுக்கற பூஸ்டர் இருந்தும் இல்லாத மாதிரி, பெடல் கல்லு மாதிரி ஆயிரும். எலெக்ட்ரிக் வேக்யூம் பம்ப், ஒரு சின்ன டேங்க், ஒரு வேக்யூம் ஸ்விட்ச். மூட்டை ஏத்திக்கிட்டு வாய்க்கா மேட்ல இறங்கறப்பதான் இது ஞாபகம் வரும்.

தோப்புக்காரன்

போட்டாச்சு சார். ஆனா பம்பு சத்தம்தான் வண்டியோட ஒரே சத்தம், ஆடு கத்தற மாதிரி இருக்கு, பிரேக்க அமுக்குனா "ம்ம்மே"ங்குது.

தோப்புக்காரன்
(இன்னும் மூணு வாரம்)

ஓடுதுங்க!!!

மொத நாளே ஒரு காமெடி. கன்ட்ரோலர்ல ரிவர்ஸ் ஸ்விட்ச் இருக்கு, கியர்பாக்ஸ்லயும் ரிவர்ஸ் இருக்கு. அப்பாவ பக்கத்துல உக்கார வெச்சு பின்னாடி எடுக்கலாம்னு ஸ்விட்சையும் போட்டு கியரையும் ரிவர்ஸ்ல போட்டுட்டேன். ரெண்டும் ரிவர்ஸ்னா முன்னாடிதானுங்க போகும். போச்சு. உரிச்சு வெச்சிருந்த தேங்கா குவியல்ல. பம்பர் மட்டும் நெளிஞ்சுது. ஸ்விட்ச புடுங்கிட்டேன், ரிவர்ஸ் இனி கியர்ல மட்டும்.

கிளட்ச் எடுத்தாச்சு, நின்னபடி கியர் போட்டுக்கறது. ஃபர்ஸ்ட்ல மூட்டையோட எந்த மேடும் ஏறுது, சும்மான்னா செகண்ட். தேங்கா காயப்போடற சிமெண்ட் களத்துல செகண்ட்ல 40 போச்சு, அதுக்கு மேல களம் இல்ல. 16 ஆம்பியர் பிளக்ல சார்ஜர், பேட்டரிக்குப் போறது 20 ஆம்பியர், காலில இருந்து ஃபுல் ஆக பதினொரு மணி நேரம் சொச்சம்.

ஒரு ஏமாத்தம், மண் பாதைல கிலோமீட்டருக்கு 170 வாட்-ஹவர் குடிக்குது. அக்கா போட்ட கணக்குல நாலரை கிலோவாட், 60 வேகம்னா 75 தானுங்க வரணும்?

மொத்தச் செலவு 3,41,000. மாப்ளகிட்ட சொல்லிராதீங்க.

மதுரை_மாப்ள

பாத்துட்டேன். 27 வருஷம்.

மின்னல்கொடி

75 நல்ல தார் ரோட்டுக்கு. தளதளன்னு இருக்கற தோப்பு மண்ணுல டயர் உராய்வு பல மடங்கு, அதோட நின்னு நின்னு கிளம்பறீங்க, மூட்டை வேற. 170 சரிதான். டயர்ல காத்து எவ்ளோ வெச்சிருக்கீங்க?

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, ஈபி பில். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டத் தாண்டுனா ஸ்லாப் மாறும், வீட்டுப் பில்லே மொத்தமா ஏறும். விவசாய சர்வீஸ்ல சொருகிட்டீங்கன்னா அது வேற கேஸு, அந்த ஐடியா வேண்டாம்.

தோப்புக்காரன்

வீட்டு லைன்லதானுங்க. சத்தியமா.

ஊட்டி_குளிரு

இத ரோட்டுல ஓட்ட முடிஞ்சா மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறுமா? சும்மா தெரிஞ்சுக்க கேக்கறேன்.

மின்னல்கொடி

சும்மா கணக்குக்கு: உயரம் 1,500 மீட்டர் சொச்சம் ஏறணும். 850 கிலோவ அவ்ளோ தூக்க மூணரை யூனிட், உராய்வு, நஷ்டம் எல்லாம் சேத்து ஏழு வரும். 17 யூனிட் பேக்குக்கு அது பெரிய விஷயம் இல்ல, மோட்டார் சூடுதான் பிரச்சன, ஒரு மணி நேரம் விடாம ஏறணும். இறங்கறப்ப இன்னொரு வில்லங்கம், மேல குன்னூர்ல ஃபுல் சார்ஜ் போட்டுட்டு இறங்குனா ரீஜென் கரண்டு (இறக்கத்துல மோட்டாரே ஜெனரேட்டராகி திருப்பி அனுப்பறது) போக பேட்டரில இடம் இருக்காது, பிஎம்எஸ் அறுத்துவிடும், அப்ப திடீர்னு பிரேக் மட்டும்தான் மிச்சம்.

ஆர்டிஓ_வாசல்

கணக்கோட நிக்கட்டும் அம்மா, ஆசை காட்டாதீங்க. தம்பி, அந்த 12 அடி?

தோப்புக்காரன்

தாண்டலைங்க. ரோடு ஓரம் வரைக்கும் கார்ல, அங்க இருந்து வடக்குத் தோப்புக்கு மூட்டைய தள்ளுவண்டில. ஆளுங்க சிரிக்கறாங்க.

காரைக்குடி_ஆச்சி_பேரன்

அந்த இன்ஜின் குடுக்கறீங்களா? என்கிட்ட ஒரு 800 இருக்கு, பிளாக்கு விரிசல். போர் பண்ணிக்கறேன், 12,000 தரேன்.

தோப்புக்காரன்

கேட்டனுங்க. குடுக்க மாட்டாராம். கரண்டு போனா அதுல பெல்ட்டு மாட்டி போர் மோட்டாருக்குப் பதிலா கெணத்துத் தண்ணி இறைக்கலாமாம், நேத்து அதுக்கு ஆங்கிள் வாங்கிட்டு வந்திருக்கார். தாத்தாவோட நம்பர் என்கிட்ட கேக்கறார், கப்ளிங்குக்கு சென்டர் எடுக்கணுமாம்.

டர்னர்_தாத்தா

தனி இழை ஆரம்பிக்கச் சொல்லுங்க.